கூப்பிட்டால்தான் பங்கு

வன்னியில், உடையார்கட்டில் வாய்க்கால் கரை ஒழுங்கையில் இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்காரருக்கும் தீபாவளி என்றால் பங்கு இறைச்சிதான். கடைக்குப் போய்க் கிலோக் கணக்கில் வாங்கித் தின்கிறவனை அங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஊருக்குள்ளேயே ஒரு கிடாயைப் பிடித்து, விடிய வெட்டி, ஈரலும் எலும்பும் கொழுப்பும் எல்லாருக்கும் விழும்படி தேக்கிலைகளில் குவியல் குவியலாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வெட்டினவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்கிறவர் வாயில் வந்த பேரைச் சொல்வார். அந்தப் பேருக்குரியவர் "ஓம்" என்று குரல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்குக் குறைந்தது, உனக்குக் கூடினது என்று யாரும் மூக்கால் அழ முடியாது. பங்கு கூப்பிடும்போது ஐயா, அண்ணை, மாஸ்டர் எல்லாம் கிடையாது. வெறும் பேர்தான்.

இதில் ராஜினியின் பேர் ஒரு நாளும் வந்ததில்லை. கிடாய் மட்டும் அநேகமாக அவளுடையதாக இருக்கும்.

ராஜினியின் வீடு ஒழுங்கையின் கடைசியில், பதின்மூன்றாவது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம் அது. அவள் பிறந்ததே இங்கேதான். மற்றப் பன்னிரண்டு வீட்டாரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றக் காணி கிடைத்து வந்தவர்கள். வந்தவர்களுக்குள் முந்தி வந்தவர்கள் தங்களை ஊர்க்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கிடாய்க்குக் காசைக் கொடுத்துவிட்டு, வெட்டி முடிந்ததும் குடலையும் கால்களையும் ஒரு பையில் போட்டு அவள் வீட்டு வேலிக்கு மேலால் நீட்டுவார்கள். தாய் அதை இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாள். ராஜினியும் இத்தனை வருசம் வாங்கினாள். வாங்கும்போது ஒரு நாளும் கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்ததில்லை.

இந்த வருசம் கதை மாறியது. புதுக்குடியிருப்புக் கடையில் ஆட்டிறைச்சி கிலோ நாலாயிரத்தைத் தொட்டிருந்தது. தெற்கிலிருந்து வந்த லொறிக்காரர்கள் ஊர் ஊராகப் புகுந்து கிடாய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒழுங்கையில் மிஞ்சினது ராஜினியின் கொட்டிலில் நின்ற கறுத்தக் கிடாய் ஒன்றுதான். தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம் அதைத் தேடிக்கொண்டு முத்துலிங்கம் வந்தார். வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். ஊரில் சின்னக் குழந்தைகூட அவரைத் தலைவர் என்றுதான் சொல்லும்.

"பிள்ளை, உந்தக் கிடாயைப் பிடிக்கட்டே? லொறிக்காரன் தாற விலையை நான் தாறன்."

"விலைக்கு இல்லை, தலைவர். பங்குக்கு எண்டால் பிடியுங்கோ."

"அதுக்கென்ன, வழமை போலை உங்களுக்கும் குடுத்துவிடுவம்தானே."

"குடுத்துவிடுற கதை வேண்டாம். பதின்மூண்டாவது குவியல் ஒண்டு வையுங்கோ. எல்லாரோடையும் சேர்த்து என்ர பேரையும் கூப்பிடுங்கோ. நானும் மற்ற ஆக்களைப் போலை என்ர பங்குக் காசைக் கட்டுறன்."

முத்துலிங்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"இது அந்தக் காலத்திலையிருந்து வாற பன்னிரண்டு வீட்டுப் பங்கு, பிள்ளை. புதுசாப் பேர் சேர்க்கச் சனம் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டதையும் கொஞ்சம் யோசிக்கவேணும்."

ராஜினி வெளியில் வன்னிக் கதைதான் கதைப்பாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் தாயின் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். இப்போது வந்தது.

"நீங்க எங்கேருந்து வந்தீங்க? ஒங்க அப்பாவும் லொறியில மூட்டையோட ஏறித்தானே இங்க வந்து எறங்குனாரு? கெடா கெடையாது. போயிட்டு வாங்க."

முத்துலிங்கம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் போன கையோடு சுதாகரன் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான். அவளுடைய புருசன், நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஆலைக்கு நெல் போடுகிறவர்கள் இதே பன்னிரண்டு வீட்டார்தான்.

"இவங்களப் பகைச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கிறது? பேசாம லொறிக்காரனுக்கே குடுத்துடு."

"வருசா வருசம் நம்ம ஆட்ட அவங்க பேரச் சொல்லித் திங்கிறாங்க. ஒரு வருசம் நம்ம பேரையும் சொல்லட்டும்" என்றாள் ராஜினி. "இல்லன்னா நாளைக்கு நம்ம முத்தத்துலயே நான் பங்கு போடுறேன். வெட்டுறது நீங்க."

"யாரு வருவா?"

ராஜினி கத்தியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

முத்துலிங்கம் சும்மா இருக்கிற ஆளா? அன்றைக்கே கிளிநொச்சிக்கு ஓட்டோ பிடித்தார். அங்கே குளிரூட்டிய பெரிய கடையில், எந்தத் தேசத்திலோ வெட்டிக் கப்பலில் ஏற்றிவந்த ஆட்டிறைச்சி பெட்டி பெட்டியாக விற்பனைக்கு இருந்தது. நாட்டு ஆட்டின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தீபாவளியன்று காலை பெட்டிகள் அவர் வீட்டு வாசலில் அடுக்கியிருந்தன. ராஜினியின் படலையிலிருந்து பார்த்தால் எல்லாம் நேரே தெரியும். அவளுடைய முற்றத்தில் கிடாயை உரித்துத் தொங்கவிட்டாகிவிட்டது. சுதாகரன் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியைத் திறந்தால் ஈரல் இல்லை, தலை இல்லை. ஒரே அளவில் வெட்டின கட்டிகள், ஒரே மாதிரிப் பொலித்தீன் பைகள். எது பெரிது எது சிறிது என்ற பேச்சுக்கே இடமில்லை என்றால் யார் எதற்காகத் திரும்பி நிற்பது? முத்துலிங்கம் கதிரையில் இருந்துகொண்டு, "ஒவ்வொருத்தரா வாங்கோ, தள்ளாமல் வரிசையில நில்லுங்கோ" என்றார். சனம் வரிசையில் நின்றது. நின்ற பிறகுதான் எல்லாருக்கும் முகம் மாறியது.

"நிவாரணம் குடுக்கினமாக்கும்" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. யுத்தம் முடிந்த வருசம் முகாமின் முள்ளுக்கம்பிக்குள்ளே மாதக்கணக்காக நிவாரணப் பொதிக்கு வரிசையில் நின்ற சனம் அது. தலைவரின் மனைவி விமலேஸ்வரி தன் பையை வாங்கிப் பார்த்தார். உள்ளே இருந்தது கல்லு மாதிரி விறைத்துக் கிடந்தது.

"இதை எப்ப இளக்கி எப்ப சமைக்கிறது? பின்னேரமாகிப் போயிடும்" என்றார் கணவரிடம், ஒழுங்கைக்கே கேட்கும்படி.

அதற்குள் கிடாயை வெட்டி இலைகளில் பங்கு வைத்து முடித்திருந்த ராஜினி படலையை அகலத் திறந்தாள். வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"என்ர கிடாய் வெட்டியாச்சு! பதின்மூண்டு குவியல் போட்டிருக்கு. எல்லாருக்கும் ஒரே கணக்கு, காசை ஆறுதலாப் பிறகு தாங்கோ. பங்குக்காரர் படலையாலை உள்ளுக்கு வாங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் ராஜினிக்கு உலகம் முடிந்த மாதிரி இருந்தது. ஒருவரும் வராவிட்டால் பதின்மூன்று குவியலிலும் இலையான் மொய்க்கும். நாளைக்கு ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சுதாகரனுக்கு ஆலையிலும் வேலை போகும். அப்படியே போனாலும் போகட்டும், இனி வேலியில் நின்று கை நீட்டுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

விமலேஸ்வரி பையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு ஒழுங்கையைக் கடந்து வந்தார். ராஜினியின் முற்றத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல்தடவை. இலைகளை ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"ஈரல் எல்லாத்திலையும் விழுந்திருக்கு. நல்லாப் போட்டிருக்கிறாய்" என்றார். "ஆர் திரும்பி நிக்கிறது? ஆள் இல்லையெண்டால் நான் நிக்கிறன்."

அவர் முதுகைக் காட்டி நின்றதும் வரிசை உடைந்தது. முதலில் இரண்டு பெண்கள், பிறகு ஒரு கிழவர், பிறகு மளமளவென்று எல்லாரும். சுதாகரன் குனிந்து குவியலைத் தொட்டான். "இது யாருக்கு?" விமலேஸ்வரி பேர் சொல்லச் சொல்ல, "ஓம்" "ஓம்" என்று முற்றம் கலகலத்தது. குவியல்கள் குறைந்துகொண்டு வந்தன. பதினொரு பேர் கூப்பிட்டாயிற்று. ராஜினியின் பேர் இன்னும் வரவில்லை.

"இது யாருக்கு?"

"ராஜினி!"

எத்தனையோ வருசமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில். அவள் போட்ட "ஓம்" கொட்டிலில் நின்ற மறியாடுகளைத் திடுக்கிட வைத்தது. முற்றம் சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஒரு குவியல் மிஞ்சியிருந்தது. சுதாகரன் அதைத் தொட்டுவிட்டு விமலேஸ்வரியின் முதுகைப் பார்த்தான்.

"அவற்ர பேரை நான் எப்பிடிச் சொல்லுறது? கட்டின நாளிலையிருந்து சொன்னதில்லை" என்றார் விமலேஸ்வரி. "நீ கூப்பிடு, ராஜினி."

"விடுங்கக்கா, நீங்களே கொண்டு போங்க" என்றான் சுதாகரன் அவசரமாக.

"கூப்பிடாம யாருக்கும் பங்கு இல்ல" என்றாள் ராஜினி.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் முத்துலிங்கம் இளகத் தொடங்கின பையை மடியில் வைத்தபடி இருந்தார். வேட்டியில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. ராஜினி படலைக்குப் போய், இடுப்பில் கையை ஊன்றி, தலைவரும் இல்லாமல் ஐயாவும் இல்லாமல் அழைத்தாள்.

"முத்துலிங்கம்!"

அவர் வேறெங்கோ பார்த்தார். அவள் விடவில்லை.

"முத்துலிங்கம்!"

"ஓம்" என்றார் அவர், மடியைப் பார்த்துக்கொண்டு.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ராஜினி. "இங்க கேக்கல."