டக்கென்று திறந்த திரை

சீ, அந்தச் சிரிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பௌர்ணமிக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்களைத் தேட ஆப் செய்து கொடுத்தது எங்கள் கம்பெனி. விவரம் முதலில் தலைமை சர்வரில் பதிவாகும். கிரிவலப் பாதையிலுள்ள பந்தல்களுக்கு அதன் நகல்தான் தெரியும். கூட்டம் ஜாஸ்தியானால் நகல் பின்தங்கிவிடும். குழந்தைகள் விவரத்தையாவது தலைமை சர்வரிலேயே கேட்டு வாங்குவோம், கொஞ்சம் தாமதமானாலும் சரியாக இருக்கும் என்று முதலாளி ஆதவனிடம் மன்றாடினேன். சிரித்தார்.

"எல்லாம் டக்குனு திறக்கணும்மா. கொழந்த எங்க ஓடிடப் போவுது?"

அன்று ரமணாசிரமம் பக்கம் தனியாக நின்ற கீர்த்தனா என்ற சின்னப் பெண்ணை, பாதையில் அதைத் தாண்டி வரும் அடி அண்ணாமலையில் நான் இருந்த பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள் தொண்டர்கள். கிரிவலத்தில் யாரும் திரும்பி நடப்பதில்லை, அம்மாவும் முன்னால்தான் போயிருப்பாள் என்பது அவர்கள் கணக்கு. பெற்றவள் வழக்கத்தையா பார்ப்பாள்? அம்மா அருணாதேவி வந்த வழியே பின்னால் ஓடித் தேடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை இங்கே நலமாக இருக்கிறாள் என்று முதலில் பதிந்தேன். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவளுக்கு என் கண்ணெதிரே வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அம்மா எந்தப் பந்தலுக்கு வந்தாலும் நேராக அங்கே அனுப்புங்கள், என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்கிறார் என்று உடனே பதிவும் செய்தேன்.

அந்த நேரம் அவள் ரமணாசிரமம் பந்தலில்தான் நின்றிருக்கிறாள். ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி பக்கம். ஆனால் அங்கிருந்த திரை டக்கென்று திறந்து, பழைய நகலின்படி, பிள்ளை அடி அண்ணாமலையில் நலமாக இருப்பதாகக் காட்டியது. அதை நம்பி வெயிலில் அத்தனை தூரம் ஓடிவந்தாள், பாவி மகள்.

வந்ததும் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். மாத்திரை அட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மத்தியான மாத்திரை குடுக்கலங்க. எம்பொண்ணு எங்க?"

சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரையின் பெயரை ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னபோது, பிள்ளைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்றார்கள். அவளை ஏற்றிப்போக ஜீப் வருவதற்குள் போன் மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரிதான் என்று நினைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பாத்தியாம்மா? இன்னிக்கு ஒரு பந்தல்லகூட திரை லேட்டாவல," என்று சிரித்தார் ஆதவன்.

அருணாதேவி எழுந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டருங்களா? எம்பொண்ணு கண்ணத் தொறந்துட்டாளா சார்?"

சிரிப்பு நின்றது. அவள் மறுபடியும் கேட்டாள்.