நுரையீரலில் மணல்

பசுவின் நுரையீரலைக் கொக்கியில் மாட்டப் போனபோது அத்னானின் கட்டைவிரலுக்கடியில் ஏதோ நெருடியது. கத்தியை வைத்தான். மணலில் இழுத்ததுபோல் நறநறத்தது. உள்ளே மஞ்சளாக, காய்ந்த பாலாடைக்கட்டிபோல் ஒரு கட்டி. சிரியாவில் பதினாறு வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவன். வரிசையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். வடக்கு ஜெர்மனியின் அந்த இறைச்சிக்கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த மாடுகள் எல்லாம் ஆடி நின்றன.

மேற்பார்வையாளன் போகுஸ் ஓடிவந்தான். போலந்திலிருந்து வந்து, இதே தரையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன்.

"யாரைக் கேட்டுடா நிப்பாட்டின?"

காசநோய் போலிருக்கிறது, டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள் என்றான் அத்னான்.

"இங்க நீ டாக்டர் இல்ல. கத்தி புடிக்கிறவன்."

பக்கத்தில் வேலை செய்த ருமேனியர்கள் திரும்பவில்லை. வரிசை நின்ற நேரத்துக்கும் சேர்த்து அவர்கள்தான் கூடுதலாக உழைக்கவேண்டும். ஒருத்தன் அத்னானின் காலடியில் துப்பினான்.

அரசு கால்நடை மருத்துவர் ஆல்பர்ஸ் வந்து கட்டியை அழுத்திப் பார்த்தாள். கண்டுபிடித்தது யார் என்று கேட்டாள். தான்தான் என்று போகுஸ் கூசாமல் சொன்னான்.

"இல்ல மேடம், நான்," என்றான் அத்னான். எந்த நிணநீர்ச் சுரப்பியைப் பார்க்க வேண்டும், கட்டி ஏன் அப்படி நெருடும், அதே பண்ணை மாடுகளை ஏன் ஒதுக்க வேண்டும் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனான். மூன்று வருடமாக ஜெர்மன் அதிகாரிகள் அவனுடைய பட்டத்தை ஏற்க மறுத்துவந்தார்கள். குண்டு விழுந்த பல்கலைக்கழகத்திலிருந்து மூலச் சான்று கேட்டார்கள். இவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

அவள் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஜெர்மன் நல்லாவே பேசுறீங்களே," என்றாள். இன்னும் ஏதாவது கிடைத்தால் சொல்லியனுப்பும்படி போகுஸிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வரிசை நகர்ந்தது. போகுஸ் அவன் காதருகே வந்தான்.

"நானும் ஊர்ல பூகோள வாத்தியார்தான்டா. ஒரு நாய்கூட என்னைக் கேக்கல. இன்னொரு தடவை நின்னுச்சுன்னா, நீ வெளிய."

சொல்லிவிட்டுப் பொத்தானை முதுகால் மறைத்தபடி சுவரில் சாய்ந்துகொண்டான்.

வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். இந்த வேலை போனால் தங்கும் அனுமதியும் ஆட்டங்காணும். அத்னான் எட்டு நுரையீரல்களை மாட்டினான். ஒன்பதாவதில் கத்தி மறுபடி நறநறத்தது.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தான். போகுஸை நோக்கி நடந்தான். அத்னான் நின்றிருந்த இடத்தை மாடுகள் ஒவ்வொன்றாக, கை படாமல், கடந்து போய்க்கொண்டிருந்தன.