ஜெர்மன் செடிக்குத் தொட்டி மாற்றிய கதை

ஆம்பூர் புறவழிச் சாலையோரம் இருந்த அந்த ஷூ கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு செடி இருந்தது. உள்ளங்கை அளவுதான். சதைபிடித்த இலைகள் தாமரை போல அடுக்கடுக்காக விரிந்திருக்கும். ஆர்டர் கொடுக்கும் ஜெர்மன் பெண்மணி ஹெல்கா போன வருஷம் வந்தபோது வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அதற்குக் கண்ணாடி மேஜை, ஏசி, தனியாக ஒரு ரிஜிஸ்டர். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், மாலையில் ஒரு டம்ளர். ஊற்றியவர் கையெழுத்துப் போட வேண்டும். தையல் பிரிவுப் பெண்கள் தண்ணீர் குடிக்க எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். செடிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

தேவகி பதினோரு வருஷமாக அங்கே செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறாள். தோலில் சுருக்கம் உண்டா, நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். லீவு லெட்டர் கொடுக்கப் போன இடத்தில் அந்தக் கண் செடிமேல் விழுந்தது. கீழ் இலைகள் வெந்த கத்தரிக்காயாகக் கொழகொழத்திருந்தன. தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. தண்டு வெளிச்சத்துக்கு ஏங்கி ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டியிருந்தது. அவள் வீட்டு மொட்டை மாடியில் இதே ஜாதிச் செடி இருபது தொட்டி இருக்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா வர மனசு கேட்கவில்லை.

மேனேஜர் லியாகத் அலியிடம் போய்ச் சொன்னாள். "சார், அந்தச் செடி அழுவுது."

"அழுவுதா? இன்னாத்துக்கும்மா அழுவணும்? ஏசில வெச்சிருக்கோம்."

"அந்த அழுவறது இல்ல சார். அழுகிப்போவுது. தண்ணி ஜாஸ்தி. வேருக்கும் எடம் பத்தல. தொட்டி மாத்தணும்."

லியாகத் அலிக்கு வேர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஹெல்கா ஆடிட்டுக்கு வருகிறார். உடனே மீட்டிங் போட்டார். நாலு பேர் உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்த தேவகி நின்றாள்.

எச்.ஆர். அதிகாரி நிஷா போனைப் பார்த்துப் படித்தாள். "வசந்த காலத்துலதான் மாத்தணும்னு போட்டிருக்கு."

ஆம்பூருக்கு வசந்தம் எப்போது வரும் என்று கால் மணி நேரம் விவாதம் நடந்தது. வரவே வராது என்று ஒருவர் சொன்னதை நிஷா குறித்துக்கொண்டாள்.

"இப்ப மாசி மாசம். பனி போய்டுச்சி, வெயில் இன்னும் கொளுத்தல. செடி துளிர் வுடுற நேரம். இதான் சார் சரியான சமயம்," என்றாள் தேவகி.

மெயின்டனன்ஸ் பார்க்கும் டேனியல் அதற்குள் தொட்டி பார்த்து வைத்திருந்தார். இடுப்பு உயரப் பீங்கான். நாலு பக்கமும் தங்க யானை.

"அதுல நட்டா மண்ணு காயவே காயாது. இப்ப இருக்கறதவிட ரெண்டு விரக்கடை அகலம் போதும். மண் தொட்டி. அடியில ஓட்டை இருக்கணும்."

"ஓட்டைத் தொட்டியா? ஆடிட்ல எழுதிடுவாங்கம்மா!" என்றார் லியாகத் அலி.

முடிவு எதுவும் எடுக்காமலே மீட்டிங் இனிதே முடிந்தது. மறுநாள், புதன்கிழமை, முதலாளி வரவேற்பறையைக் கடக்கும்போது மூன்று இலைகள் பொத் பொத்தென்று உதிர்ந்தன. அரை மணி நேரத்தில் செடி, உதிர்ந்த இலைகளோடு, தேவகியின் டேபிளுக்கு வந்துவிட்டது. கூடவே, இனி அது அவள் பொறுப்பு என்று ஒரு மெமோவும்.

அவள் தொட்டியைப் பக்கவாட்டில் தட்டிச் செடியை உருவினாள். ஈர மண்ணை விரலால் உதிர்த்தாள். வேரில் பாதி கறுத்து நாறியது. நூல் வெட்டும் கத்தரியைக் கழுவித் துடைத்து, அழுகியதையெல்லாம் நறுக்கினாள். பிறகு ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்துச் செடியைப் படுக்க வைத்தாள்.

"எப்ப நடுவே?" என்றார் லியாகத் அலி.

"வெட்டுன எடம் ரெண்டு மூணு நாள் காயணும் சார். நட்டப்புறமும் ஒரு வாரம் தண்ணி காட்டக் கூடாது."

"வெள்ளிக்கிழமை அந்தம்மா வரும்போது அவங்க குடுத்த செடி பேப்பர்ல படுத்துக்கினு கெடக்குமா? பேஜாரா போச்சே!"

அன்று மாலையே வாணியம்பாடி ஃபேன்சி கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் செடி வந்தது. யானைத் தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி ஹெல்காவை நேராக அதனிடம் அழைத்துப் போனார். "உங்கள் பரிசு மேடம், எங்கள் கவனிப்பில் எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள்." ஹெல்கா நெற்றியைச் சுருக்கினார். தான் பரிசு எதுவும் கொடுத்ததாக நினைவில்லை என்றார். கொஞ்சம் யோசித்து, சென்னை ஹோட்டலில் ஏதோ கொடுத்தார்கள், விமானத்தில் கொண்டுபோக முடியாமல் இங்கே விட்டிருப்பேன் என்றார். முதலாளியின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

செக்கிங் ஹாலில் ஹெல்கா செய்தித்தாளைக் கண்டார். கிட்டே வந்து குனிந்தும் பார்த்தார். தேவகிக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. ஹெல்கா பேனாவை எடுத்து எழுதினார்: தயாரிப்புப் பகுதியில் மண்; குறை எண் ஏழு.

குறையை நிவர்த்தி செய்ய ஒரே வழிதான் இருந்தது. 'உபயோகமற்ற செடி ஒன்று' என்று கேட் பாஸ் எழுதி தேவகியிடம் கொடுத்தார்கள். சாப்பாட்டுப் பையில் அதைப் படுக்க வைத்து, உதிர்ந்த மூன்று இலைகளையும் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்று மணல், செங்கல் ஜல்லி, ஒரு பிடி எரு கலந்து, புது மண் தொட்டியில் நட்டாள். ஒரு வாரம் எட்ட நின்று பார்த்ததோடு சரி.

மாதம் ஒன்றானதும் லியாகத் அலி டேபிள் பக்கம் வந்தார். "செத்துப்போச்சாம்மா?"

"நல்லா இருக்குது சார். கீழ வுழுந்த எலைங்ககூட வேர் வுட்டு, குட்டி போட்டிருக்குது."

"எனக்கு ஒண்ணு குடேன்."

"ஆபீசுக்குன்னா தர மாட்டேன் சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆபீசுக்கு இல்லம்மா. வூட்டுக்கு."

மறுநாள் தேவகி ஒரு குட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மேனேஜர் அதை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் போடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.