'டக்' என்றதும் நின்ற பெற்றோல்

சோமசேகரத்தின் பழைய ஒஸ்ரின் கார் சண்டிலிப்பாயில் கலியாணங்களுக்கு ஓடுவது. அன்று பருத்தித்துறையில் ஒரு கலியாணம்; முதல் தடவையாக அதை ஓட்டியவள் அவருடைய மகள் ஆரபி. அவர் பக்கத்தில் இருந்தார்.

கலியாணப் பொம்பிளையின் தகப்பன் மார்க்கண்டு முதலே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூத்த மகளின் கலியாணத்தன்று இதே காருக்குள் பெற்றோல் மணத்து, பிள்ளைக்குச் சத்தி வந்து, கூறைச்சேலை பாழாகிவிட்டது. "இளையவளுக்கும் உப்பிடி நடந்தால் இனி உங்கடை காரைக் கூப்பிடமாட்டன்."

பெற்றோல் செற்றில் வேலை செய்யும் சுபாஸ் காரின் தாங்கிக்குள் குழாயைச் செருகினான். சற்று நேரத்தில் அது 'டக்' என்று தானாக நின்றது. சோமசேகரம் கதவைத் திறந்து இறங்கினார். தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கம் அது. அடுத்த முறை எப்போது கிடைக்குமோ என்று, காரைப் பின்னால் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டினால் தாங்கியின் மூலைகளில் சிக்கிய காற்று மேலே வரும். அந்த இடத்துக்கும் பெற்றோல் இறங்கும். வரிசைகள் போய்விட்டன, ஆட்டம் போகவில்லை.

"ஆட்டுங்கோ அண்ணை, கழுத்துமட்டும் விடுறன்," என்றான் சுபாஸ்.

"வேண்டாம், உதோடை நிப்பாட்டுங்கோ," என்றாள் ஆரபி.

பின்னால் ஓட்டோவில் இருந்த கனிசியஸ் தலையை நீட்டினான். "தங்கச்சி, பருத்தித்துறைக்கோ போறியள், பக்கத்து ஒழுங்கைக்கோ?"

"போய் வந்தும் மிஞ்சும் அண்ணை. மிஞ்சாட்டி உங்கடை ஓட்டோவாலை கட்டி இழுங்கோ."

சுபாஸ் சிரித்தான். சோமசேகரம் சிரிக்கவில்லை. "நடுவழியிலை நிண்டால் என்ரை பேரெல்லோ போகும்."

"மணந்தாலும் உங்கடை பேர்தான் அப்பா. ஏறுங்கோ."

குழாயின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெற்றோல் ஓடும்போது அதன் வழியாகக் காற்று உள்ளே இழுபடும். பெற்றோல் உயர்ந்து துளையை மூடினால் காற்று நிற்கும். உடனே உள்ளிருக்கும் கொளுவி விடுபட்டு, குழாய் பூட்டிக்கொள்ளும். அதற்கு மேலே மிஞ்சும் வெற்றிடம் வீண் அல்ல. நிலத்தடித் தாங்கியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெற்றோல் வெயிலில் பருக்கும். பருக்க இடமில்லாவிட்டால் மூடியின் காற்றுத் துளை வழியாகக் கசிந்து மணக்கும்.

பருத்தித்துறை மண்டபத்து வாசலில் கார் மத்தியானம்வரை வெயிலில் காய்ந்தது. பக்கத்தில் நின்ற வான் வண்டியின் பெற்றோல் மூடியைச் சுற்றி ஈரம். அதைக் கடந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சோமசேகரம் தன் காரின் பின்பக்கம் போனார். குனிந்து மணந்தார். விரலால் மூடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்த தூசிதான் ஒட்டியது.

திரும்பும் வழியில் பொம்பிளை மாப்பிளையின் தோளில் நித்திரையாகிவிட்டாள். வீட்டு வாசலில் அவள் இறங்கியதும் மார்க்கண்டு காருக்குள் தலையை விட்டு நன்றாக மூச்சை இழுத்தார்.

"பூ மணம்தான் வருது. சோமசேகரம், நாலாம் நாள் சடங்குக்கும் உங்கடை கார்தான். எத்தினை மணிக்கு வருவியள்?"

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? டிரைவரோடை கதையுங்கோ," என்றார் சோமசேகரம். பிறகு, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ரை மகள்," என்றார்.