வளையம் எந்தப் பக்கம்

அண்ணனைச் சுட்ட போலீஸ்காரர் கூண்டில் ஏறியதும் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, "கத்தரிக்கோலால என்னைக் குத்த வந்தார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வக்கீலம்மா என் முழங்கையை அழுத்திப் பிடித்தார்.

நீதிபதி இதை நம்பிவிட்டால் கதை முடிந்தது. தற்காப்புக்காகச் சுட்டார் என்று எழுதி மூடிவிடுவார்கள். செத்தும் அண்ணனுக்குக் கொல்ல வந்தவன் என்ற பட்டம்தான் மிஞ்சும்.

அண்ணன் தையல்காரர். அரை இன்ச் பிசகினாலும் மொத்தத்தையும் பிரித்துத் தைப்பார், அதனால் ஊருக்கே அவர் 'இன்ச் மாஸ்டர்'. மனசுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதை நிறுத்தினால் தூக்கம் போகும், சுவரோடு சண்டை வரும். அன்றைக்கும் அப்படித்தான், கடைக்குள் இருந்துகொண்டு நல்ல துணியையெல்லாம் நறுக்கித் தள்ளினார். நான் கூப்பிட்டது ஆம்புலன்ஸை. வந்து நின்றது போலீஸ். அவர் யாரையும் அடித்ததில்லை, நான் சொன்னால் கேட்பார், என்னை உள்ளே விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஓரமாக நில்லு என்று தள்ளிவிட்டுப் போனார்கள்.

"கீழ போடு, கீழ போடு" என்று உள்ளே கத்தியது தெருவுக்கே கேட்டது. அட பாவிகளா, எந்தத் தையல்காரர் கத்தரிக்கோலைத் தரையில் போடுவார்? ஒரு தடவை விழுந்தால் போதும், வாய் சேராது, அப்புறம் துணியைக் கடிக்கும். சின்ன வயதில் கீழே போட்டதற்காக அண்ணனிடம் நானே குட்டு வாங்கியிருக்கிறேன். கையில்தான் கொடுக்க வேண்டும் என்பார். கத்திப் பக்கத்தைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, விரல் நுழைக்கும் வளையத்தை எதிராளிக்கு நீட்டுவார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் காலையிலேயே சாட்சி சொல்லியிருந்தார். அண்ணனின் வலது உள்ளங்கையில் ஆழமான வெட்டு. அதைத்தான் வக்கீலம்மா இப்போது பிடித்துக்கொண்டார். ஒரு புதுக் கத்தரிக்கோலைப் போலீஸ்காரர் கையில் கொடுத்து, எப்படி வந்தார் என்று காட்டச் சொன்னார்.

போலீஸ்காரர் வளையத்தில் விரலை நுழைத்து ஓங்கினார்.

"அப்படிப் பிடிச்சிருந்தா உள்ளங்கை எப்படி சார் வெட்டுப்படும்?"

போலீஸ் தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார், நீதிபதி உட்காரச் சொன்னார். வக்கீலம்மா விடவில்லை.

"உங்களுக்கு நேரா எது இருந்துச்சு? முனையா, வளையமா?"

போலீஸ்காரர் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக அதைத் திருப்பினார். கத்திப் பக்கம் அவருடைய உள்ளங்கைக்குள் போயிற்று.

"வளையம்" என்றார். "வளையந்தான் என் பக்கம் இருந்துச்சு."

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது, ஆத்திரமும்தான். எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்.