தேரைகளைத் தூக்கி அந்தப் பக்கம் விடுதல்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில், ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில், படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு தலைப்பில் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது நேசமலர் எனக்குச் சொன்னது. தொண்ணூற்றாறாம் ஆண்டு.

"அக்கா, நீங்கள் கதை எழுதுறனீங்களாமே?"

"ஓம்."

"அப்ப இதை எழுதுங்கோ. ஆனா நான் வாசிச்ச பிறகுதான் வெளியில விடவேணும்."

ஒத்துக்கொண்டேன். அந்த நிபந்தனை எவ்வளவு பாரமானது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மார்ச் மாதத்துப் பனிமூட்டத்துக்குள் அந்தக் காடு ஒரு'

(ஒரு என்ன? இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றேன். பிறகு, காடு காடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: 'தங்கராசா பெண்சாதியோடு அதிகம் கதைக்காத முரடன். "நீ வாறியா இல்லையா?" என்று அதட்டினான்.'

நேசமலர் இதை வாசித்துவிட்டுப் பேனையைக் கேட்டு வாங்கினாள். முரடன் என்ற சொல்லை வெட்டினாள். 'நீ'யையும் வெட்டினாள். "அவர் என்னை நீர் எண்டுதான் கதைக்கிறவர். இண்டைக்கு வரைக்கும்" என்றாள். 'அதிகம் கதைக்காத' என்பதை மட்டும் வெட்டாமல் விட்டாள்.

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதற்கு அவளுடைய அனுமதி உண்டு.

3

தங்கராசா எண்பத்தைந்தில் ஜெர்மனிக்கு வந்தவர். கம்பித் தொழிற்சாலையில் வேலை. காலை வேலைக்குச் சைக்கிளில் போகும் பாதை ஒரு காட்டை ஒட்டி ஓடியது. முந்தி அந்த ஊர்ச் சனம் எல்லாருக்கும் பொதுவாக இருந்த காடு அது. விறகு பொறுக்கலாம், பன்றி மேய்க்கலாம். இப்போது யாரும் பன்றி மேய்ப்பதில்லை. ஆனாலும் பழக்கத்தில் அதைப் பொதுக்காடு என்றே சொல்கிறார்கள்.

ஒரு வசந்தகாலக் காலையில், அந்தத் தெருவின் நடுவே ஒரு கிழவி கையை உயர்த்தி அவருடைய சைக்கிளை மறித்தாள். மறுகையில் வாளி. பெயர் லோமன், ஓய்வுபெற்ற தபால்காரி. அவளுடைய காலடியில் ஒரு தேரை தெருவைக் கடந்துகொண்டிருந்தது. அது கடந்து முடியும்வரை இருவரும் காத்து நின்றார்கள். பிறகு அவள் ஒன்றும் கேட்காமல் வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

(வாசகருக்கு ஒரு குறிப்பு. குளிர்காலம் முடிந்ததும் தேரைகள் காட்டிலிருந்து குளத்துக்கு முட்டையிடப் போகும். இடையில் தெரு. கார்கள் நசித்துவிடும் என்பதற்காகத் தெருவோரம் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பிளாஸ்டிக் வேலி கட்டி, இடைக்கிடை வாளிகளை நிலத்துக்குள் புதைத்துவைப்பார்கள். வேலியில் முட்டிய தேரை ஓரமாக நடந்து வாளிக்குள் விழும். காலையில் ஆட்கள் வந்து, தூக்கிக் குளத்தடியில் விடுவார்கள். இதை நான் புனையவில்லை. இந்த நாட்டில் இதற்கென்று நேரம் ஒதுக்கி எழும்பும் மனிதர்கள் இருக்கிறார்கள்.)

அதன்பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் தங்கராசா அந்த வேலையைச் செய்தார். எங்கள் தமிழ்ச் சனத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றுமூன்று கார்த்திகையில் நேசமலர் வந்து சேர்ந்தாள். படமும் கடிதமும் மாற்றி நிச்சயித்த சம்பந்தம். தை மாதம் கோயிலில் கலியாணம். இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தும், உப்புக் காணுமா, கதவு பூட்டியாச்சா என்பதைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சு வளரவில்லை. அவள் நித்திரையில் திடுக்கிட்டு எழும்புவதை அவர் கண்டிருந்தார். காரணம் கேட்கவில்லை. கேளாமல் விட்டது மரியாதை என்று அவர் நினைத்தார். அக்கறை இல்லை என்று அவள் நினைத்தாள்.

அந்த மார்ச்சில் லோமனுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். இருபத்திரண்டு வாளி, ஒரு ஆள். சனிக்கிழமை விடிய அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"நீர் ஒருக்கா என்னோடை வருவீரோ? தேரை தூக்கவேணும்."

நேசமலர் தான் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள்.

4

காட்டின் ஓரம் வரைக்கும் வந்தாள். ஈரச் சருகின் மணம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது.

"நான் உள்ளுக்கு வரேல்லை."

"ஏன்?"

"ஏலாது."

[முதல் வரைவில் இங்கே தங்கராசா கோபப்பட்டார். எனக்கு அது வசதியாக இருந்தது. உண்மையில் அவர் கோபப்படவில்லை.]

"அப்ப றோட்டிலை நில்லும். கார் வந்தால் கையைக் காட்டும்" என்றுவிட்டு அவர் வேலியோரமாகக் குனிந்து போனார்.

அவள் தெருவில் நின்றாள். உள்ளே எங்கோ ஒரு மரங்கொத்தி விட்டுவிட்டுத் தட்டியது. பீச் என்ற உயரமான காட்டு மரங்களின் அடியில் வெள்ளைப் பூக்கள் இன்னும் விரியாமல் தலை குனிந்து நின்றன. இரண்டு சிறுமான்கள் வெளியே வந்து, அவளைப் பார்த்து, அவசரப்படாமல் திரும்பிப் போயின. பயப்படும்போது காட்டில் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். பயந்தபடியே பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது வேலியின் கிழிந்த பகுதியால் ஒரு தேரை தெருவுக்கு வந்துவிட்டது. பெரிய பெண் தேரை. அதன் முதுகைக் கட்டிப் பிடித்தபடி சின்ன ஆண் தேரை. சுமந்துகொண்டு இரண்டு எட்டு வைக்கும், நிற்கும், மறுபடி இரண்டு எட்டு. வளைவில் ஒரு காரின் வெளிச்சம் தெரிந்தது.

நேசமலர் தெரு நடுவே போய்க் கையை உயர்த்தினாள். கார் நின்றது. அவள் குனிந்து, சால்வைத் தலைப்பால் இரண்டையும் சேர்த்து அள்ளினாள். கைக்குள் குளிர்ச்சியாக ஏதோ துடித்தது. எங்கே விடுவதென்று தெரியவில்லை. தெருவுக்கு மறுபக்கமும் காடு தொடர்ந்தது; அங்கே தங்கராசா குளத்தடியில் நிற்பது மரங்களுக்கிடையே தெரிந்தது. அந்தத் திசையில் நடந்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில் சால்வையை விரித்து, அவை இறங்கிப் போவதைப் பார்த்த பிறகுதான், தான் காட்டுக்குள் நிற்பது தெரிந்தது.

"ஒண்டு மற்றதைச் சுமக்குது" என்றாள்.

"ஓம். தூரம் கூட. ஆனா இறக்கி விடாது."

அதற்கு அவள் அழத் தொடங்கினாள்.

5

இந்தப் பகுதியை அழகாக எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெர்மனிக்கு வரும் வழியில், செக் நாட்டு எல்லையில் பதினேழு பேர் மூன்று நாள் காட்டுக்குள் நடந்தார்கள். நேசமலரின் சப்பாத்து முதல் நாளே பிய்ந்துவிட்டது. மன்னாரிலிருந்து வந்த பேர்பெச்சுவா என்பவள் தன் சீலையைக் கிழித்து இவளுடைய காலுக்குச் சுற்றிவிட்டாள். மூன்றாம் நாள் பேர்பெச்சுவா ஒரு பள்ளத்தில் விழுந்து, கால் புரண்டு வீங்கிவிட்டது. கூட்டிவந்தவன், மற்றவர்களை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து அவளைத் தூக்கிப் போவதாகச் சொன்னான். ஒரு மரத்தடியில் அவளை இருத்தினார்கள். தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள்.

"நீ போ பிள்ளை. நான் ஆறுதலா வாறன்" என்றாள் பேர்பெச்சுவா.

(எங்கள் பேச்சில் 'ஆறுதலா' என்றால் அவசரமில்லாமல் என்று பொருள். வேறு பொருளும் உண்டு. நேசமலர் இரண்டையும் யோசித்துப் பார்த்திருக்கிறாள்.)

நேசமலர் போனாள். பதினாறு பேரும் போனார்கள்.

குளத்தடியில் இதைச் சொல்லி முடித்துவிட்டு, நீர் என்ன செய்திருக்க ஏலும் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். அதைச் சொல்லியிருந்தால் பிறகு அவரோடு ஒன்றும் கதைத்திருக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள்.

தங்கராசா கேட்டது இது:

"முழுப் பேர் என்ன? தேப்பன்ரை பேர் தெரியுமோ? என்ன வயசிருக்கும்?"

தெரிந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, மிச்ச வாளிகளைப் பார்க்கப் போனார். இவ்வளவுதானா என்று அவள் நினைத்தாள். என் முதல் வரைவிலும் அவரை இந்த இடத்தில் நான் விட்டுவைக்கவில்லை.

6

திங்கட்கிழமை அவர் வேலைக்கு லீவு போட்டார். பின்னேரம், காணாமல் போனவர்களைத் தேடித் தரச்சொல்லிக் கேட்கும் 'அன்ட்ராக்' படிவம் ஒன்றோடு வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்தார். சனிக்கிழமை அவள் சொன்ன பெயர், ஊர், வயது எல்லாம் அவருடைய நினைவில் பிசகாமல் இருந்தன. ஒவ்வொன்றாக நிரப்பினார்.

ஒரு கட்டத்தில் பேனை நின்றது. தேடப்படும் ஆள் உங்களுக்கு என்ன உறவு?

"ஒரு உறவும் இல்லையே" என்றாள் நேசமலர்.

அவர் 'ஷ்வெஸ்டர்' என்று எழுதினார்.

"என்ன எழுதினனீங்கள்?"

"சகோதரி."

"பொய் எல்லோ?"

"சீலையைக் கிழிச்சுக் கால்ல சுத்தி விட்டவவுக்கு வேறை என்னத்தை எழுதிறது? நீர் கையெழுத்தை வையும்."

அவள் கையெழுத்து வைத்தாள். அவர் மையைக் காயவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினார். அன்றைக்கு அவர்கள் நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

7

பதில் வந்தது. பதினான்கு மாதம் கழித்து. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

முடிவு அ: 'கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு மாடிக் கதவைத் தட்டியதும் உள்ளே இருந்து "ஆர்?" என்ற குரல்'

முடிவு ஆ: 'குறிப்பிட்ட பெயரில் எவரும் பதிவாகவில்லை என்பதைத் தெரிவிக்க'

முடிவு இ: 'செக் எல்லையோரக் கிராமத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்'

இந்த மூன்றில் ஒன்று நடந்தது. மூன்றையும் முழுதாக எழுதி, விரிப்பு மடிக்கும் மேசையில் நேசமலருக்கு முன்னால் வைத்தேன். நின்றபடியே வாசித்தாள். பேனையை வாங்கி, நடந்ததையும் நடக்காததையும் ஒரே மாதிரிப் பாதியில் வெட்டினாள்.

"பதிலை எழுதாதேங்கோ அக்கா. அது என்ரை."

"வாசிக்கிறவை கேப்பினம்."

"கேக்கட்டும். தாங்களே ஒண்டை எழுதிப் பாக்கட்டும்."

பேனையைத் திருப்பித் தந்தாள். பிறகு ஏதோ நினைத்தவளாக நின்றாள்.

"ஆனா ஒண்டு சொல்லி விடுங்கோ. என்னத்தை எழுதினாலும் பரவாயில்லை. அதிலை அவ தனிய இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டேன். இனி உங்கள் கையில்.