சோதனைச் சுமை

கல்விக்கடனுக்குத் தவணை கட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து வேன் ஓட்டுநரின் மகளை எந்த லிஃப்டும் தூக்கவில்லை. அவள் உள்ளே காலை வைத்ததும் எடை அதிகம் என்று மணி அடிக்கும், கதவு மூட மறுக்கும். மற்றபடி அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. நாற்காலிகள் அவளைத் தாங்கின, அப்பாவின் பள்ளி வேன் அவளோடு எப்போதும் போல மேட்டில் ஏறியது, பழைய சட்டைகள் தோளில் தொளதொளத்தன. லிஃப்டுகளுக்கு மட்டும் தெரிந்தது. வட்டி ஏறினால் எடை ஏறும், தவணை கட்டினால் குறையும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். காரணத்தைப் பாடப் புத்தகங்களில் தேடினாள், பிறகு விட்டுவிட்டாள்.

மெக்கானிக்கல் எடுக்கச் சொன்னவர் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர். ஒரு தாளில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார். இறங்குவது கடன், ஏறுவது சம்பளம். நான்காவது வருடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். "அதுக்கப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான் சார்" என்றார். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். "மெஷின் இருக்கிறவரைக்கும் மெக்கானிக்கலுக்கு வேலை இருக்கும்மா" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவளோடு எத்தனை பேர் அதே படிப்பை முடிப்பார்கள் என்பதற்கு அந்தத் தாளில் கோடு இல்லை.

நேர்காணல்கள் எல்லாம் உயரமான கட்டடங்களில் நடந்தன. படியேறி வியர்த்து நின்றவளிடம் அவள் இறுதியாண்டில் வடிவமைத்த பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு லிஃப்ட் கம்பெனிக்குப் போனாள். அங்கே மணிச்சத்தம் கேட்டு மேலாளரே வெளியே வந்தார். அவளை இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார். புதிதாகப் பொருத்தும் ஒவ்வொரு லிஃப்டிலும் அதிகச் சுமை ஏற்றி, மணி அடிக்கிறதா, பிரேக் நழுவாமல் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரும்புக் கட்டிகளை லாரியில் கொண்டுவந்து ஆட்கள் சுமப்பார்கள். "எதுலம்மா வந்தே?" என்று கேட்டார். "பஸ்ல சார்." "அப்ப லாரி வாடகை மிச்சம்" என்றார். பயிற்சிப் பொறியாளர் என்று உத்தரவு கொடுத்தார். சம்பளம் தவணையைவிடக் கொஞ்சம் கூடுதல். மெக்கானிக்குகள் அவளை எடைக்கல் என்று கூப்பிட்டார்கள். "எடைக்கல், கொஞ்சமா சாப்டு, லிஃப்ட் தாங்காது" என்பார்கள். "என் சாப்பாட்டை அது கணக்குல எடுக்காதுண்ணே" என்பாள். ஆலோசகர் சொன்ன நான்காவது வருடம் வந்து போனது. கோடுகள் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறாவது வருடம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. கடைசிக் குழந்தையை வீட்டில் விடும்வரை பொறுத்திருந்து, வேனை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். மருத்துவமனையில் ஏழாவது மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அம்மா பணம் கட்டும் வரிசையில் நின்றாள். அப்பா கையைப் பிடித்திருந்ததால் ஸ்ட்ரெச்சரோடு மகளும் லிஃப்டில் ஏறினாள், மணி அடித்தது. "கொஞ்சம் இறங்கிக்கம்மா, நகர மாட்டேங்குது" என்றார் உதவியாளர். அவள் அப்பாவின் கையை விட்டாள். "படியில வாம்மா. மெதுவா வா, ஓடாத" என்றார் அப்பா. அவள் ஓடினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது போர்வையை முகம்வரை இழுத்து விட்டிருந்தார்கள். "லிஃப்ட்லயே போயிட்டாரும்மா. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் உதவியாளர். அடுத்த வாரச் சோதனையில் லிஃப்ட் அவள் எடையை முன்பிருந்த அதே அளவாகக் காட்டியது. துக்கம் அதில் சேரவில்லை.

வேனை விற்ற பணம் கடனுக்குப் போனது. அவள் எடை மளமளவென்று இறங்கியது. மேலாளர் கவலைப்பட்டார். "இப்படி அடைச்சுக்கிட்டே போனா எப்படிம்மா? வீட்டுக்கடன் ஏதாவது பாரேன்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். கடைசித் தவணை கட்டிய மறுநாள், புதுக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் அவளைச் சத்தமில்லாமல் மேலே கொண்டுபோனது. அன்றோடு வேலை முடிந்தது. சான்றிதழில், சுமையாக நின்றார், நடத்தை நன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் இடத்துக்கு வந்தவன் அந்த வருடம்தான் தேறியிருந்தான். அவனும் மெக்கானிக்கல், கடன் அவளுடையதைப் போல இரண்டு பங்கு. லிஃப்டுக்குள் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வழியில் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கினாள். லிஃப்ட் காலியாக இருந்தது. உள்ளே போய், ஸ்ட்ரெச்சருக்கு இடம் விடுவதுபோல ஓரமாக நின்றுகொண்டாள். கதவு மூடியது. அது மேலே போக ஆன நேரத்தில் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம், நிதானமாகப் பேசினால் இரண்டு. ஏழாவது மாடியில் பிரேக் நன்றாகப் பிடித்தது. எந்த வார்டு என்று செவிலி கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா, சும்மா ஏறிப் பாத்தேன்" என்றாள். செவிலி அதை வினோதமாக நினைக்கவில்லை, அப்படி ஏறிப் பார்க்க வருகிறவர்கள் இப்போது அதிகம். அவள் இறங்கும்போது படியில் இறங்கினாள். மெதுவாக, ஓடாமல்.